கோல்ட்ரேனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கேள்வி இது: "ஜாஸ் பற்றி யார் பேசினாலும் ஜான் கோல்ட்ரேன் பெயர் வந்துவிடுகிறது. ஒரு ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை, சாக்ஸபோனை வைத்துக்கொண்டு யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. இவர் யார், ஏன் இத்தனை கொண்டாட்டம், என்னைப் போன்ற ஆள் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"

நீங்கள் போட்டது அநேகமாக 'அசென்ஷன்' ஆக இருக்கும், இல்லாவிட்டால் 1966, 67 பதிவுகளில் ஒன்று. அப்படியென்றால் உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, இவர்கள் எல்லாம் யார், ஏன் இப்படி அழுகிறார்கள் என்று கேட்டது போல ஆகிவிட்டது, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டை இரண்டு முறை போட்டுவிட்டு, மூன்றாம் முறை அதன்மேல் வேறு எதையோ பதிவு செய்துவிட்டேன். என்ன பதிவு செய்தேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜாஸ் உலகில் பெரிய பெயர்கள் பலரும் இளம் வயதிலேயே வெளிச்சத்துக்கு வந்தவர்கள். சார்லி பார்க்கர் 34 வயதில் இறந்தபோது ஜாஸின் மொழியையே மாற்றிவிட்டுப் போயிருந்தார். கோல்ட்ரேன் கதை வேறு. முப்பது வயதில் அவர் வேலை போன ஒரு சாக்ஸபோன்காரர். ஹெராயின் பழக்கம் வேறு. நாற்பது வயதில் இறந்துபோனார். இடையில் கிடைத்த பத்து வருடத்தில் நடந்ததுதான் இந்தக் கொண்டாட்டம் முழுவதும். அந்தப் பத்து வருடத்துக்கு ஒரே விளக்கம்தான் எனக்குத் தெரியும். நம் சங்கீதக்காரர்கள் 'அசுர சாதகம்' என்று சொல்வார்களே, அது. கோல்ட்ரேனிடம் விசேஷம் என்னவென்றால், அந்தச் சாதகம் அறைக்குள் முடியவில்லை. மேடைக்கும் வந்தது, ரெக்கார்டுக்கும் வந்தது. ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிற மனிதரைத்தான் நாம் கேட்கிறோம். கற்றுமுடித்த கணத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வரிசைப்படி கேட்டால் கூடவே நடக்கலாம். நடுவில் நுழைந்தால் இரைச்சல்தான்.

பிறந்தது 1926 செப்டம்பர் 23, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற ரயில்வே ஊரில். வளர்ந்தது அதே மாநிலத்தில் ஹை பாயிண்ட் என்ற ஊரில். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல் என்றிருந்த காலம். அம்மா வழித் தாத்தா மெதடிஸ்ட் சபைப் போதகர், ஊரில் மதிப்புள்ளவர். அப்பா தையற்கடை வைத்திருந்தார், வீட்டில் சும்மா பொழுதுபோக்காக வயலின் வாசிப்பார். 1938 கடைசியில் தாத்தா போனார். அடுத்த மாதமே அப்பா. சில மாதத்தில் பாட்டியும். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா வீட்டுவேலைக்காக வடக்கே போனார். ஊரில் ஒரு பாதிரியார் நடத்திய பேண்டு குழுவில் பையன் சேர்ந்தான், முதலில் கிளாரினெட், அப்புறம் ஆல்டோ சாக்ஸபோன். வாயிலிருந்து எடுக்கவே மாட்டான் என்பார்களே, அந்த வழக்கம் அப்போதே வந்துவிட்டது. 1943இல் பள்ளியை முடித்துவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். சர்க்கரை ஆலையில் வேலை, மற்ற நேரம் இசைப் பள்ளி.

1945 ஜூனில் அங்கே ஒரு கச்சேரியில் சார்லி பார்க்கரை முதல்முறையாகக் கேட்டார். கண்ணுக்கு நடுவில் அடித்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதே வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி கடற்படையில் சேர்ந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள். போருக்குப் போகவில்லை, ஹவாயில் கடற்படை பேண்டில் வாசித்தார். 1946இல் சக மாலுமிகளோடு அங்கே செய்த ஒரு பதிவு இன்றும் கிடைக்கிறது. தேடிக் கேளுங்கள். பார்க்கரைக் காப்பியடிக்கிற, கொஞ்சம் தடுமாறுகிற, சாதாரணமான ஒரு பையன் வாசிக்கிறான். எந்தத் துறையிலும் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான பதிவை நான் கேட்டதில்லை.

அடுத்த எட்டொன்பது வருடத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். எடி வின்சன் குழுவில் சேர்ந்தபோது வின்சனே ஆல்டோ வாசிப்பவர் என்பதால் இவர் கொஞ்சம் கனத்த குரலுள்ள டெனர் சாக்ஸபோனுக்கு மாறவேண்டியதாயிற்று. வேலைக்காகச் செய்த அந்த மாற்றம் நிலைத்துவிட்டது. டிசி கில்லஸ்பியின் பெரிய பேண்டு, அப்புறம் ஜானி ஹாட்ஜஸின் குழு. எங்கும் பின்வரிசை. இதற்குள் ஹெராயின் பிடித்துக்கொண்டது. கூடவே குடி. இனிப்பு மேல் தீராத ஆசை, அதனால் ஓயாத பல்வலி. ஊதுகிற தொழில்காரருக்குப் பல்வலி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹாட்ஜஸ் இவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

1955 செப்டம்பரில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் புதிய ஐவர் குழுவுக்கு இவரை எடுத்துக்கொண்டார். இதுதான் முதல் பெரிய வாய்ப்பு. விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மைல்ஸ் நாலு சுரத்தில் சொல்லி நிறுத்துவதை இவர் நாற்பது சுரத்தில் சொல்கிறார், அதிலும் பாதி தேடல் என்றார்கள். அது உண்மையும்கூட. அந்தப் பதிவுகளில் ஒரு சொற்றொடரை ஆரம்பித்து, பாதியில் விட்டு, வேறு பக்கமிருந்து மறுபடி முயற்சி செய்வது தெளிவாகக் கேட்கும். ஆனால் போதைமருந்து மேடைக்கே வந்துவிட்டது. 1957 ஏப்ரலில் மைல்ஸ் வெளியே அனுப்பினார்.

கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியாவில் அம்மா வீட்டுக்குப் போய், ஹெராயினையும் குடியையும் ஒரே மூச்சாக விட்டார். மருந்தோ மருத்துவமனையோ கிடையாது. மனைவி நயீமாவும் அம்மாவும் கூட இருந்தார்கள். அந்த வருடம் கடவுள் அருளால் தனக்கு ஓர் ஆன்மிக விழிப்பு வந்தது என்று ஏழு வருடம் கழித்து ஓர் ஆல்பத்தின் உறையில் அவரே எழுதினார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் பெரிய நாட்டம் கிடையாது. ஆனால் 1957க்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஏதோ நடந்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த வருடமே பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் இவரைச் சேர்த்துக்கொண்டார். நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன இடம், மாதக்கணக்கில் இரவுக் கச்சேரி. பகலில் மங்க் வீட்டுக்குப் போய், அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பியானோ முன்னால் உட்காரவைத்து, அவர் வாசிப்பதைப் பார்த்துப் பாட்டைப் பிடித்துக்கொள்வார். தாள் பார்த்துக் கற்பதை மங்க் விரும்பவில்லை. மேடையில் மங்க் பாதியில் எழுந்துபோய் ஆடிக்கொண்டிருப்பார், இவர் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கவேண்டும். மங்கோடு வாசிக்கும்போது கொஞ்சம் கவனம் பிசகினால், லிஃப்ட் இல்லாத லிஃப்ட் குழிக்குள் கால் வைத்த மாதிரி இருக்கும் என்று சொன்னார் கோல்ட்ரேன். அந்த ஆண்டு நவம்பரில் இருவரும் கார்னகி ஹாலில் வாசித்த கச்சேரியின் டேப் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்து, 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஒலி அவ்வளவு துல்லியம். புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் மூன்று நான்கு ஆல்பங்களில் அதுவும் ஒன்று.

சாதகம் என்றேனே, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கச்சேரி இடைவேளையில் மற்றவர்கள் வெளியே போய் சிகரெட் பிடிப்பார்கள், இவர் ஒரு மூலையில் நின்று வாசித்துக்கொண்டிருப்பார். ஓட்டலில் பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வந்தால், ஊதாமல் விரலை மட்டும் சாவிகளில் ஓட்டிக்கொண்டிருப்பார். வாத்தியத்தைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போவார். பியானோவுக்கும் ஹார்ப்புக்கும் எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்களை வாங்கிவந்து சாக்ஸபோனில் வாசித்துப் பார்ப்பார். ஹார்ப்பில் விரலை ஓட்டினால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுமே, அதை ஒரு நேரத்தில் ஒரே சுரம் எழுப்பக்கூடிய ஊதுகுழலில் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவர் ஆசை. 1958 வாக்கில் முடிந்தது. தனித்தனிச் சுரம் காதில் விழாமல் ஒரு துணியை விரித்த மாதிரி வந்தது. ஐரா கிட்லர் என்ற விமர்சகர் அதற்கு 'ஒலித் தாள்கள்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். இன்றுவரை அந்தப் பெயர்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. கீபோர்டில் மூன்று நான்கு சுரத்தைச் சேர்த்து அழுத்துகிறார்களே, அதுதான் கார்டு. அன்றைய ஜாஸில் ஒரு பாட்டு என்பது ஒரு கார்டு வரிசை. பாட்டின் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அந்த வரிசை திரும்பத் திரும்பச் சுற்றிவர, அதன்மேல் கற்பனையாக வாசிப்பார்கள். கார்டு மாறினால் வாசிக்கிற சுரங்களும் அதற்கேற்ப மாறவேண்டும். கோல்ட்ரேன் இந்த விளையாட்டை எந்த அளவுக்கு இறுக்க முடியும் என்று பார்த்தார். அதுதான் 1959 மே மாதம் பதிவான 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்'. ஸ்தாயியை மூன்று சம பங்காகப் பிரித்து, மூன்று வெவ்வேறு ஆதார சுரங்களுக்கு நடுவே பாட்டு தாவிக்கொண்டே இருக்கும். பாட வந்தவருக்குக் கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒருமுறை தம்புராவின் சுருதியை மாற்றிவைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். பதினாறு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி) கொண்ட ஒரு சுற்று சுமார் 13 விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் 26 கார்டு.

அந்தப் பதிவில் பியானோ வாசித்தவர் டாமி ஃபிளானகன், சாதாரண ஆள் கிடையாது. ஆனால் கோல்ட்ரேன் மாதக்கணக்கில் ஊறியிருந்த பாட்டை அந்த வேகத்தில் அவர் அன்றைக்குத்தான் எதிர்கொள்கிறார். கோல்ட்ரேனின் சோலோ, அதாவது தனி வாசிப்பு, ஓடை மாதிரி ஓடி முடிகிறது. பியானோவின் முறை வருகிறது. ஃபிளானகன் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாக்கியம் உடைகிறது, இடைவெளி விழுகிறது, கடைசியில் வெறும் கார்டுகளை அழுத்தி ஒப்பேற்றுகிறார். கோல்ட்ரேன் மறுபடி உள்ளே வந்து காப்பாற்றுகிறார். அந்தத் தடுமாற்றம் அப்படியே ரெக்கார்டில் வெளிவந்துவிட்டது. ஃபிளானகன் அதை மறக்கவில்லை. 1982இல் அதே பாட்டை, அதே பெயர் வைத்த தன் சொந்த ஆல்பத்தில், கோல்ட்ரேன் நினைவாக, அழகாக வாசித்துக் கணக்கைத் தீர்த்தார். இன்று உலகம் முழுக்க ஜாஸ் மாணவர்களுக்கு 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஒரு நுழைவுத் தேர்வு மாதிரி. பலபேர் தேறிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம், அது பாட்டைவிடப் பயிற்சியாகத்தான் அதிகம் மனத்தில் நிற்கிறது. அதே ஆல்பத்தில் மனைவி பெயரில் அமைத்த 'நயீமா'வைக் கேளுங்கள். அதில் விரல்வித்தை ஒன்றுமே இல்லை. பாஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே மெட்டு மட்டும்.

வேடிக்கை என்னவென்றால், 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான், மறுபடியும் சேர்ந்திருந்த மைல்ஸ் குழுவில் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் இரண்டாவது பதிவை முடித்திருந்தார். அது நேர் எதிர்த்திசை. கார்டுகளைக் குறைத்து, ஒரே சுர வரிசையில் நிதானமாக நின்று விரிப்பது. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். கார்டை எவ்வளவு நெருக்க முடியும் என்று ஒரு கையால் பார்த்துக்கொண்டே, அதை எவ்வளவு விலக்க முடியும் என்று இன்னொரு கையால் பார்த்திருக்கிறார். விலக்குவதுதான் கடைசியில் ஜெயித்தது.

விலக்கினால் இடம் கிடைக்கும், இடம் கிடைத்தால் நேரம் நீளும். மைல்ஸ் மேடையில் இவருடைய சோலோ இருபது நிமிடம்கூடப் போனது. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை என்று இவர் சொல்ல, "வாயிலிருந்து வாத்தியத்தை எடு" என்று மைல்ஸ் பதில் சொன்னதாக ஜாஸ்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை உண்டு.

1960இல் தனியாக வந்தார். பியானோவுக்கு மெக்காய் டைனர், டிரம்ஸுக்கு எல்வின் ஜோன்ஸ். பாஸ் வாசிக்கச் சிலர் வந்துபோய், 1961 கடைசியில் ஜிம்மி கேரிசன் நிலைத்தார். இந்த நால்வர் குழுவைத்தான் கோல்ட்ரேன் என்றதும் எல்லோரும் நினைக்கிறார்கள். டைனர் இடது கையால் அடியில் ஒரு தரை போட்டுக் கொடுப்பார், அது எந்தப் பக்கமும் சாயாது, அதன்மேல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். எல்வின் ஜோன்ஸைப் பற்றி எழுதி விளக்குவது கஷ்டம். கோயில் புறப்பாட்டில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தாளம் எங்கே விழுகிறது என்று எண்ண முடியாமல், ஆனால் உடம்பு மட்டும் சரியாக அசைந்துகொண்டிருக்குமே, அந்த மாதிரி.

அவர்களின் முதல் வெற்றி யாரும் எதிர்பாராதது. 'மை ஃபேவரிட் திங்ஸ்'. நம் ஊரில் பலர் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பார்த்த அதே பாட்டுதான். படம் வந்தது 1965இல். கோல்ட்ரேன் பதிவு செய்தது 1960 அக்டோபரில், பிராட்வே மேடை நாடகமாக மட்டும் அது இருந்தபோது. குழந்தைகளுக்குத் தெம்பு சொல்லும் பாட்டு. இவர் அதை சொப்ரானோ சாக்ஸபோனில் எடுத்தார், அன்று ஏறக்குறைய எல்லோரும் மறந்திருந்த வாத்தியம். டைனர் இரண்டே கார்டை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டிருக்க, பதின்மூன்றே முக்கால் நிமிடம். சொப்ரானோவின் அந்த மூக்கொலி, நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. நீங்கள் ஆரம்பிக்கவேண்டிய இடம் இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெற்றி வந்ததும் அதையே நாலு முறை செய்திருக்கலாம். 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில், பாஸ் கிளாரினெட் வாசிக்கும் எரிக் டால்ஃபியைச் சேர்த்துக்கொண்டு செய்த பதிவுகளைக் கேட்டால் ஒரே வருடத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரியும். பியானோவே இல்லாமல் கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு புளூஸை, அதாவது கறுப்பர்களின் பழைய பாட்டு வடிவத்தை, உரித்துப் போடுகிறார். 'இந்தியா' என்ற பெயரிலேயே ஒரு பாட்டு. கீழே இரண்டு பாஸ்காரர்கள் தம்புரா மாதிரி ஒரே ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, சொப்ரானோவும் பாஸ் கிளாரினெட்டும் மாறி மாறி. 'டவுன்பீட்' இதழில் ஜான் டைனன் என்ற விமர்சகர் இந்தக் குழுவின் வாசிப்பை 'ஜாஸுக்கு எதிரானது' என்று எழுதினார். கோல்ட்ரேனும் டால்ஃபியும் கோபப்படாமல் அடுத்த ஆண்டு அதே இதழில் உட்கார்ந்து பேசி விளக்கம் கொடுத்தார்கள்.

ரவிசங்கரின் ரெக்கார்டுகளைத் தேடித்தேடிக் கேட்டவர் கோல்ட்ரேன். இருவரும் நியூயார்க்கில் சந்தித்தார்கள். ராகம், தாளம் பற்றி இவர் கேட்க அவர் சொல்லிக்கொடுத்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேன் இன்று தன் பலத்தில் நிற்கிற சாக்ஸபோன் கலைஞர். ஆனால் ரவிசங்கருக்கு ஒரு குழப்பம் இருந்தது. நேரில் இவ்வளவு அடக்கமான, சாந்தமான மனிதர், வாசிக்கும்போது ஏன் இவ்வளவு கொந்தளிப்பு என்று. பின்னாளில் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே. நல்ல துணை கிடைத்திருக்கிறது உங்களுக்கு.

அந்தக் கொந்தளிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய 'அலபாமா'வைக் கேட்கவேண்டும். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் கறுப்பர்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. இரண்டு மாதம் கழித்து கோல்ட்ரேன் ஸ்டூடியோவில் இதை வாசித்தார். பியானோ அடிஸ்தாயியில் முணங்கிக்கொண்டே இருக்கிறது. டெனர் சாக்ஸ், தாளம் எதற்கும் கட்டுப்படாமல், துக்க வீட்டில் ஒரு பெரியவர் வார்த்தை தேடித்தேடிப் பேசுவது போல நாலு சொல் பேசுகிறது, நிற்கிறது, மறுபடி பேசுகிறது. நடுவில் கொஞ்ச நேரம் தாளம் சேர்கிறது, அதுவும் பாதியில் அறுந்துபோகிறது. ஐந்து நிமிடம்தான். கோபம் என்ற சொல்லை அதற்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் ஒருமுறை பொங்கி எழும், அவ்வளவுதான்.

இதே காலத்தில் 'பேலட்ஸ்' என்று காதல் பாட்டுகளை மட்டும் வைத்து ஓர் ஆல்பம், டியூக் எலிங்டனோடு ஒன்று, ஜானி ஹார்ட்மன் என்ற கனத்த குரல்காரரோடு ஒன்று. மூன்றும் வெண்ணெய். இவருக்கு மென்மையாக வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் இவற்றில் ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதும்.

இப்போது 'எ லவ் சுப்ரீம்'. 1964இல் கோல்ட்ரேனும் ஆலிஸும் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்கள். ஆலிஸ் இவருக்கு இரண்டாம் மனைவியானவர், டெட்ராய்ட்காரர், பியானோ கலைஞர். கைக்குழந்தை வேறு. ஒருநாள் மாடிக்குப் போனவர் நாட்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு, மலையிலிருந்து மோசே இறங்கி வந்த மாதிரி இறங்கி வந்தார் என்று ஆலிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முழு ஆல்பமும் மனத்தில் தயார். டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிவு முடிந்தது. நான்கு பகுதி, மொத்தம் 33 நிமிடம்.

முதல் பகுதி ஒரு மணியோசையோடு ஆரம்பிக்கும். பாஸ் நான்கே சுரங்களை வாசிக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். சோலோ உச்சத்துக்குப் போய்த் திரும்பும்போது கோல்ட்ரேன் அந்த நான்கு சுரத்தை ஒவ்வொரு சுருதியாக மாற்றி மாற்றி வாசிப்பார். பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துத் தீர்ப்பார். எங்கே போனாலும் இதுதான் என்கிற மாதிரி. அப்புறம் ஒரு ஆச்சரியம். வாத்தியத்தை வைத்துவிட்டுத் தன் குரலிலேயே ஆல்பத்தின் பெயரை அந்த நான்கு சுரத்தில் ஜபம் போலச் சொல்ல ஆரம்பிப்பார். பஜனை மடத்தில் நாமாவளி கேட்டவர்களுக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

நான்காவது பகுதி இன்னும் விநோதம். ஆல்பத்தின் உறைக்குள் கோல்ட்ரேன் எழுதிய ஒரு துதிக் கவிதை அச்சாகியிருக்கிறது. பல வருடம் அதைத் தனிக் கவிதை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு, நான்காம் பகுதியை ஓடவிட்டு, வரிமேல் விரல் வைத்து வாருங்கள். சாக்ஸபோன் அந்தக் கவிதையைத்தான் சொல்கிறது, அசை அசையாக. கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி வரும் இடத்திலெல்லாம் வாத்தியமும் அதே மாதிரி இறங்கி முடிகிறது. சாகித்யத்தை வாயால் பாடாமல் வாத்தியத்தில் பாடுகிற நம் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் ஜாஸில் இப்படி ஒன்று வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? விற்பனையும் அமோகம். ராக் இசை கேட்கிற வெள்ளைக்கார இளைஞர்கள் வீட்டிலும் அந்த ரெக்கார்டு இருந்தது.

மறுபடியும் அதே கதை. அங்கேயே நின்றிருக்கலாம், நிற்கவில்லை. ஆறு மாதத்தில் 'அசென்ஷன்'. பதினோரு பேர், நாற்பது நிமிடம், ஒரே நேரத்தில் பல பேர் முழுமூச்சில் ஊதுவது. ஃபேரோ சாண்டர்ஸ் என்ற இளைஞர் குழுவுக்குள் வந்தார், அவர் சாக்ஸபோனில் உண்மையாகவே அலறுவார். இரண்டாவது டிரம்ஸ்காரராக ரஷீத் அலி. தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை என்று டைனர் 1965 கடைசியில் விலகினார். அடுத்த மாதம் எல்வினும். பியானோவுக்கு ஆலிஸ் வந்தார். ரசிகர்கள் கச்சேரி நடுவே எழுந்து போனார்கள்.

இந்தக் கடைசி இரண்டு வருடம் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், எல்லாமே எனக்குப் பிடிக்காது. பகவத் கீதை வரிகளைச் சொல்லி ஆரம்பிக்கும் 'ஓம்' ஆல்பத்தை நான் இரண்டு முறைக்கு மேல் கேட்டதில்லை, மூன்றாவது முறைக்கு உத்தேசமும் இல்லை. ஆனால் 1967 பிப்ரவரியில் ரஷீத் அலியோடு மட்டும், வேறு யாருமில்லாமல் வாசித்த பதிவு வேறு ரகம். அதில் இரைச்சலுக்குள் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிகிறது. 1966 மே மாதம் வேன்கார்டில் மறுபடி வாசித்த 'நயீமா'வும் அப்படித்தான். முதல் மனைவிக்கு அமைத்த மெட்டு, பியானோவில் இரண்டாம் மனைவி. மெட்டு கிழிந்து, தொங்கி, மறுபடி ஒட்டிக்கொண்டு வருகிறது. அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி நான் வேறெதுவும் படிக்கத் தேவையில்லை என்று தோன்றவைத்த பதிவு.

1966 ஜூலையில் ஜப்பான் போனார். நாகசாகியில் குண்டு விழுந்த இடத்துக்குப் போய் வணங்கிவிட்டு அன்று மாலை வாசித்தார். இன்னும் பத்து வருடத்தில் என்னவாக இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். "ஞானியாக" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்ததும் அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பை விட்டுவிடுவார்கள். 1967 ஜூலை 17இல் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். நோய் அவ்வளவு முற்றியிருந்தது நெருங்கியவர்களில் பலருக்கே தெரியாது. ரவிசங்கரிடம் முறையாக உட்கார்ந்து கற்கவேண்டும் என்ற திட்டம் அப்படியே நின்றது.

அப்புறம் நடந்ததில் நம் பக்கத்துக்கு ஓர் இழை வருகிறது. கணவர் இறந்து நிலைகுலைந்திருந்த ஆலிஸுக்கு ஆறுதலாகக் கிடைத்த குரு சுவாமி சச்சிதானந்தர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969 உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவர் பெயரிலேயே ஆலிஸ் 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' வெளியிட்டார். தம்புரா சுருதி, ஆலிஸின் ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சொப்ரானோ. அலறிய அதே சாண்டர்ஸ் இதில் எப்படிக் குழைகிறார் என்று கேளுங்கள். பிறகு ஆலிஸ் தானே சுவாமினியாகி, கலிஃபோர்னியாவில் ஆசிரமம் நடத்தி, பஜனைகளை ஆர்கனில் வாசித்துக்கொண்டு 2007 வரை இருந்தார். இன்னொரு இழை, கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின். 'எ லவ் சுப்ரீம்' தன்னை மாற்றியது என்று சொல்கிறவர். கார்லோஸ் சந்தானாவோடு சேர்ந்து 1973இல் அதை வாசித்துப் பதிவும் செய்தார். பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேனோடு 'சக்தி' குழுவை ஆரம்பித்தவர் அவர்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் இவர் பெயரில் ஒரு தேவாலயமே இருக்கிறது. வழிபாட்டில் 'எ லவ் சுப்ரீம்' வாசிக்கிறார்கள், சாக்ஸபோனோடு இவரைப் புனிதராக வரைந்து வைத்திருக்கிறார்கள். 2007இல், இறந்து நாற்பது வருடம் கழித்து, புலிட்சர் சிறப்பு விருது. 2018இல் 1963 மார்ச் மாதப் பதிவு ஒன்று, காணாமல் போயிருந்தது, நயீமாவின் குடும்பத்தார் வீட்டில் இருந்த டேப் மூலம் வெளிவந்தது. இதெல்லாம் பெருமை. ஒரு கெட்ட விளைவும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. இவருக்குப் பின்னால் வந்த ஒரு தலைமுறை சாக்ஸபோன்காரர்கள் இவருடைய நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டல் அறையில் ஊதாமல் விரலை ஓட்டிய ராத்திரிகளை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கச்சேரிகளில் உட்கார்ந்து நான் பட்ட பாடு தனிக் கதை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் 'மை ஃபேவரிட் திங்ஸ்', அந்த ஒரே பாட்டு, ஒரு வாரம். மெட்டு தெரிந்ததுதான் என்பதால் அவர் அதை எங்கே விட்டுப் போகிறார், எப்போது திரும்புகிறார் என்று தொடர முடியும். இரவில் 'பேலட்ஸ்', விளக்கை அணைத்துவிட்டு. அப்புறம் மங்கோடு கார்னகி ஹால், 'புளூ டிரெய்ன்' ஆல்பம், 'அலபாமா'. இதற்குள் ஒரு மாதம் போயிருக்கும். அதன்பிறகு 'எ லவ் சுப்ரீம்', ஹெட்ஃபோனில், முழுதாக, நடுவில் எழுந்திருக்காமல். கவிதையை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் முறை சும்மா கேளுங்கள். 'இந்தியா' அதற்கப்புறம். 'அசென்ஷன்' எங்கேயும் ஓடிப்போகாது. ஆறு மாதம் கழித்து நீங்களே அதைத் தேடி எடுப்பீர்கள், வீட்டில் மற்றவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எடுங்கள்.